மாலையில் படிக்க ஓர் இடம்



கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூன் மாதம் கேரளத்தில் 'பர்ஸ்ட் பெல்' என்ற தொலைக்காட்சி, இணையவழி வகுப்புகள் தொடங்கியபோது, கடன்பட்டாவது கைப்பேசி வாங்கித் தந்தார்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெற்றோர். ராஜமலைப் பிள்ளைகள் சிக்னல் தேடி வெகுதூரம் போய்ப் படித்தார்கள். பள்ளிகள் திறந்தன, கைப்பேசி மட்டும் கையைவிட்டு இறங்கவில்லை.

கொழுந்தெடுக்கப் போகும் தாய் திரும்பவே மாலையாகிவிடும். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் டிவியும் சமையலும் பேச்சும் நெருக்கியடிக்க, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எங்கே புத்தகத்தை விரிக்கும்? இரவில் கம்பளிக்குள் ரீல்ஸ் ஓடுகிறது. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். பாதித் தூக்கத்தில் வரும் பிள்ளைக்குக் காலைப் பாடம் ஏறாது. போனைப் பிடுங்கினால் சண்டைதான் மிச்சம்.

கேரளக் காவல்துறை 2023-ல் 'டி-டாட்' என்ற டிஜிட்டல் அடிமைத்தன மீட்பு மையங்களை நகரங்களில் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் மலையிறங்கி அத்தகைய மையத்துக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். தமிழ் பேசும் ஆலோசகர் மாதம் ஒருமுறையாவது தேவிகுளம் வர வேண்டும். தோட்ட நிர்வாகமும் ஊராட்சியும் சேர்ந்து, ஏதேனும் ஒரு பொதுக்கூடத்தை மாலை 6 முதல் 8 வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடட்டும். மேசை, விளக்கு, தமிழ்ப் புத்தகங்கள், கவனிக்க ஒரு கல்லூரி மாணவர் போதும். அந்த இரண்டு மணி நேரம் கைப்பேசி பெற்றோரிடம் இருக்கட்டும். யானை நடமாடும் பாதைகளில் வீடு திரும்ப ஆள்துணையும் வேண்டும்.

- தோட்டத் தொழிலாளி ஒருவர், தேவிகுளம்