கடைசியில் வருபவருக்கான விதி

ரேடியோ கட்டுப்பாட்டுக் கார் பந்தயத்தில் ஒரு பிரிவு தேயத் தொடங்கினால், விதிகளை மாற்றுவது குறித்து முதலில் பேசுபவர்கள் அதில் எஞ்சியிருப்பவர்கள்தாம். விலகிப் போனவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது.

அமெரிக்காவின் 'ஸ்டாக்' பிரிவு இதற்கு நல்ல சான்று. புதியவர்களுக்கு ஏற்றதாக, ஆற்றல் குறைந்த மோட்டாரோடு ஓட்டப்படும் பிரிவு அது. பிரஷ் இல்லாத மோட்டார்கள் வந்த பிறகு 17.5 சுற்றுக் கம்பிச்சுருள் என்று வரம்பு வைத்தார்கள். சுற்று கூடினால் வேகம் குறையும். ஆனால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் மென்பொருளைக் கொண்டே அந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள். அதற்கும் தடை வந்தது. மென்பொருள் உதவி அணைந்திருப்பதைக் காட்ட, கருவியில் ஒரு சிறுவிளக்கு கண்சிமிட்ட வேண்டும். 'பிளிங்கி' என்ற பெயர் அப்படி வந்ததே. உடனே போட்டி, அதே 17.5 சுற்றுக்குள் சற்றே வேகமான மோட்டாரைத் தேடி வாங்குவதாக மாறியது.

வின்டேஜ் டிரான்ஸ்-ஆம் பிரிவு வேறு வழியில் சென்றது. 25.5 சுற்று மோட்டார், ஒரே வகை டயர், பழைய அமெரிக்கக் கார்களின் உருவில் மேற்கூடு. வேகம் குறைவு, ஆகவே புதியவரும் மற்றவர்களோடு ஒட்டி ஓட முடிகிறது.

வேகத்தைக் குறைத்தால் தேர்ந்தவர்கள் சலிப்படைவார்கள், வாங்கி வைத்த மோட்டார்கள் வீணாகும் என்பது நியாயமான ஆட்சேபம். அவர்களுக்குத்தான் வேகமான பிரிவுகள் இருக்கின்றனவே. தொடக்கப் பிரிவின் விதிகளை வெல்பவரைக் கேட்டு எழுதாதீர்கள். கடைசியாக வந்தவர் அடுத்த வாரமும் வருவாரா என்று கேட்டு எழுதுங்கள்.