மதகு யார் கையில்?

மின்சாரத்தின் மொத்த விலையைத் துல்லியமாக முன்கணித்துவிட்டால் தட்டுப்பாடும் விலையேற்றமும் தாமே அடங்கிவிடும் என்று சந்தைவாதிகள் ஓதி வருகிறார்கள். மழையளவையும் அணைகளின் நீர்மட்டத்தையும் கணினியில் இட்டால் விலை கிடைத்துவிடுமாம். இந்தக் கணக்கு ஒன்றை மறைக்கிறது. அணைக்கு எவ்வளவு நீர் வரும் என்பது இயற்கையைச் சார்ந்தது. அந்நீரை எப்போது திறப்பது என்பதோ மதகைக் கையில் வைத்திருப்பவரின் முடிவு. விலைக் கணிப்பில் பெரும்பகுதி அந்த முடிவைப் பற்றிய ஊகமே.

2008இல் இயங்கத் தொடங்கிய இந்திய எரிசக்திப் பரிவர்த்தனை மையத்தில், மறுநாள் மின்சாரம் 15 நிமிடங்கள் கொண்ட 96 கூறுகளாக ஏலம் போகிறது. ஒவ்வொரு கூறிலும் ஏற்கப்படும் உற்பத்தியில் மிக அதிக விலை கேட்டதே அனைவருக்கும் விலையாகிறது. அனல் நிலையம் சூடேற மணிக்கணக்கில் ஆகும்; புனல் நிலையம் சில நிமிடங்களில் இயங்கும். ஆகவே மாலை உச்ச நேரத்தில் நீரைத் திறந்தால் விலை இறங்கும், பிடித்துவைத்தால் ஏறும்.

2023 ஆகஸ்ட் மாதத்தில், 1901க்குப் பின் காணாத மழைக்குறைவைக் கேரளம் சந்தித்தது. மூலமற்றத்தில் 780 மெகாவாட் திறனுள்ள இடுக்கி நிலையம் இருந்தும், கோடைக்காக நீரைக் காக்க வேண்டியிருந்ததால் மின்வாரியம் சந்தையை நாட நேர்ந்தது. 465 மெகாவாட்டுக்கான நீண்டகால ஒப்பந்தங்களை ஒழுங்குமுறை ஆணையம் அவ்வாண்டு மே மாதத்தில்தான் ரத்து செய்திருந்தது. மாலைநேர விலையோ யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பைத் தொட்டது.

உச்சவரம்பும் பொதுக் கட்டுப்பாடும் தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2000-2001இல் கலிபோர்னியா காட்டியது. வடமேற்கு மாநிலங்களில் வறட்சியால் புனல் மின்சாரம் குறைந்தது. அந்தப் பற்றாக்குறையை என்ரான் போன்ற நிறுவனங்கள் சூழ்ச்சியால் கொள்ளையாக மாற்றின. தாபோலில் மகாராஷ்டிரத்தைச் சுரண்டிய அதே என்ரான்தான்!

தமிழ் பேசும் உழவர்கள் வாழும் வடகரப்பதி, மழைமறைவு நிலம். அது அமைந்துள்ள சித்தூர் வட்டத்தின் பாசனம், 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்குத் தரவேண்டிய 7.25 டிஎம்சி நீரை நம்பியிருக்கிறது. இதே திட்டத்தின் நீர்தான் சர்க்கார்பதியிலும் ஆழியாற்றிலும் மின்சாரமாகிறது. விலை உயரும் நேரம் வேறு, பயிர் வாடும் நேரம் வேறு. விலையே நீரின் மதிப்பைச் சரியாகச் சொல்லும் என்பவர்களுக்கு ஒரே பதில்: வாடும் பயிர் ஏலம் கேட்பதில்லை.

மின்வாரியங்களும் தவறு செய்வதுண்டு. ஆயினும் அவற்றைச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், வீதியில் மறிக்கலாம். வணிகரின் லாபக் கணக்கு வணிக ரகசியம் என்று பூட்டப்பட்டுவிடும்.

2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்த மின்சாரத் திருத்த மசோதாவின் நோக்கம், எந்த வடிவில் மீண்டும் வந்தாலும், எதிர்க்கப்பட வேண்டும். அணைகளும் புனல் நிலையங்களும் பொதுத்துறையிலேயே நிலைக்க வேண்டும். நீர் திறப்பில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் முன்னுரிமை வேண்டும். அன்றாட நீரிருப்பும் உற்பத்தியும் மக்கள் அறிய வெளியிடப்பட வேண்டும். உழவரையும் மின் ஊழியரையும் ஒரே அணியில் திரட்டி இக்கோரிக்கைகளை ஊர்தோறும் எடுத்துச் செல்வது தோழர்களின் உடனடிக் கடமை.