தலைக்கனம் என்னும் தீர்ப்பு

நம் சங்க விழாக்களில் சந்திரபாபுவின் பாட்டு ஒலிக்காத மெல்லிசை நிகழ்ச்சி அரிது. கைதட்டல் அடங்குமுன்னரே எவரேனும் ஒருவர், "நல்ல கலைஞன்தான், தலைக்கனத்தால் கெட்டான்" என்று தீர்ப்புக் கூறுவதும் வழக்கமாகிவிட்டது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் அதையும் கேட்டுக்கொள்கின்றனர். இத் தீர்ப்பை நாம் மறுக்கிறோம்.

1927-இல் தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் படித்து, சென்னையில் வாய்ப்புத் தேடி அலைந்தவர் ஜே.பி. சந்திரபாபு. 1947-இல் 'தன அமராவதி'யில் திரைக்கு வந்தார். அதன் பின்னரும் வாய்ப்பின்றி, உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். 1958-இல் 'சபாஷ் மீனா'வில் இரு வேடங்களேற்று நாட்டையே சிரிக்க வைத்தார். 1959-இல் 'சகோதரி' நன்கு அமையவில்லை எனக் கருதப்பட்டபோது, இவருடைய நகைச்சுவைக் காட்சிகளைச் சேர்த்தே அதனைக் கரையேற்றினர். பிறர் படத்தை இவர் தூக்கி நிறுத்தியபோது எவரும் தலைக்கனம் என்று கூறினாரில்லை.

1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தாமே இயக்கினார். அது சிரிப்புப் படமன்று. படம் தோற்றது; கடன் சூழ்ந்தது. 1974-இல் தம் நாற்பத்தாறாம் வயதில் மறைந்தார். அவர் நாவை அடக்கியவரல்லர் என்பதையும், மது அவரை அரித்தது என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் பணிவே உருவான முதலாளிகளின் படங்களும் படுத்ததுண்டு. அவற்றுக்கு நாம் கணக்கில் காரணம் தேடுகிறோம். இவருக்கு மட்டும் குணத்தில் தேடுகிறோம்.

அப்படத்தின் நாயகி யார்? நம் தெலுங்கு அண்டை வீட்டார் இன்றும் போற்றும் சாவித்திரியேதான். அவரும் 1968-இல் 'சின்னாரி பாபலு' என்னும் தெலுங்குப் படத்தை இயக்கினார்; படத்தொழிலில் பொருளிழந்தார்; மதுவால் நலிந்தார்; 1981-இல் மறைந்தார். அவர் வரலாற்றைக் கூறும் 'மகாநடி' 2018-இல் இந்த ஐதராபாத்தில் ஓடியபோது, அவர்களோடு நாமும் கண்ணீர் வடித்தோம். அவருக்கு இரக்கம், இவருக்கு இகழ்ச்சி. இஃது என்ன நீதி?

காரணம் இதுவே: நம்மைச் சிரிக்க வைப்பவன் சிரிக்க மட்டுமே வைக்க வேண்டுமென எண்ணுகிறோம். அவன் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தால், கடைநிலை ஊழியர் அதிகாரியின் இருக்கையில் அமர்ந்ததுபோல் துணுக்குறுகிறோம். முப்பதாண்டுப் பணியை மேலதிகாரி ஒற்றைக் குறிப்பால் அளந்தால் அநீதி எனக் கொதிக்கும் நாம், கலைஞனுக்கு மட்டும் அதே குறிப்பை எழுதலாமோ?

"தெரிந்ததோடு நில்" என்று நம் முன்னோரும் நமக்குச் சொன்னதுண்டு. நின்றிருந்தால், ஊரையும் மொழியையும் தாண்டி இந்நகருக்கு வந்திருப்போமா? அப்படி வந்த நாம் பிள்ளைகளுக்கு அதே பாடத்தைப் புகட்டலாகாது. அடுத்த விழாவில் அப்பாட்டு முடிந்ததும், "இவர் ஒரு படமும் இயக்கினார்" என்று மட்டும் சொல்வோம். ஏன், எப்படி என்று பிள்ளைகளே கேட்கட்டும்.