பேச்சுக்கு எத்தனை சதவீதம்?



1920இல் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘மூக்நாயக்’: ஊமைகளின் தலைவன். அங்கே ஊமை என்பது உவமை. நம்ம தெருக்களில் அது உவமை இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் கூலியாக இருப்பவருக்குப் பக்கவாதம் வருகிறது. கை கால் மெல்ல அசைகிறது, சொல் மட்டும் வரவில்லை. ஆவடியில் மூன்று வயதாகியும் ‘அம்மா’ சொல்லாத பிள்ளை. பூந்தமல்லியில் வாய் திக்குவதால் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையன். மூவருக்கும் வேண்டியது பேச்சுப் பயிற்சி. ஓர் ஊசியில் முடிகிற காரியமல்ல. வாரா வாரம், மாதக் கணக்கில். பெரியாஸ்பத்திரியில் இலவசம்தான். போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. தனியாரிடம் போனால் தடவைக்குத் தடவை காசு.

சலுகை யாருக்கு? ‘நிராமயா’ காப்பீடு ஒரு லட்சம் வரை தருகிறது. பயிற்சிச் செலவும் அதில் உண்டு. ஆனால் 1999ஆம் ஆண்டு சட்டம் சொல்லும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் என்ற நான்குக்குத்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் சேர்த்தது. நல்லது. ஆனால் அது ‘நிரந்தர’மானதாக இருக்க வேண்டுமாம். அதற்குமேல் 40 சதவீதக் கோடு வேறு.

பேச்சுப் பயிற்சியாளர்களின் பாடமோ இதற்கு நேர் எதிர்: சீக்கிரம் தொடங்கு. குழந்தைக்கு முதல் சில வருஷங்கள், பக்கவாதக்காரருக்கு முதல் சில மாதங்கள். நிரந்தரமாகாமல் தடுக்கத்தான் பயிற்சியே. சட்டம், நிரந்தரமானபின் வா என்கிறது. வீடு எரிஞ்சு முடிஞ்சதும் சர்டிபிகேட்டோட வா, தண்ணி தர்றோம்ங்கிற கதை.

2013இல் வந்த சிறார் நலத் திட்டம் மொழி வளர்ச்சித் தாமதத்தைச் சதவீதம் கேட்காமல் சேர்த்துக்கொண்டது. அந்த வழி சரி. பெரியவர்களுக்கு அதுவும் கிடையாது.

காசுள்ளவன் சர்டிபிகேட்டுக்குக் காத்திருப்பதில்லை. சேரிப் பிள்ளைக்கு வாய் திக்கினால் ‘இதுங்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று முடித்துவிடுகிறார்கள். குறைபாடும் சாதியின் கணக்கில் எழுதப்படுகிறது.

எனவே நாம் கேட்பது இரண்டு. யாருக்குப் பயிற்சி தேவை என்பதைப் பயிற்சியாளரின் பரிசோதனை தீர்மானிக்கட்டும், சதவீதம் அல்ல. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதே வாசலுக்குப் பேச்சுப் பயிற்சியும் வரட்டும்.

மனு எழுத வாய் வேண்டியதில்லை. உங்கள் தெருவில் யார் யார் என்று கணக்கெடுங்கள் தோழர்களே. அவர்களோடு சேர்ந்தே எடுத்துப்போவோம்.