மாடிப்படி ஏறிய கண்டக்டர்!

லண்டன் நகரத்து பஸ்களில் மாடி உண்டு. கீழே ஒரு தட்டு. மேலே ஒரு தட்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பஸ்சிலும் இரண்டு ஊழியர்கள் இருந்தார்கள். ஒருவர் டிரைவர். மற்றவர் கண்டக்டர்.

இருவருக்கும் சம்பளம் கொடுத்தது ஒரே நிர்வாகம். இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான வீடுகளில் இருந்து வந்தவர்கள். ஆனால் மாரடைப்பு மட்டும் இருவரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை!

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர். அது இரண்டாவது உலகப்போர் முடிந்த சமயம். இங்கிலாந்தில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது அதிகமாகிக் கொண்டு வந்தது. காரணம் புரியவில்லை. "செய்யும் தொழிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ?" என்று மாரிசுக்கு ஒரு சந்தேகம். லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31 ஆயிரம் பேருடைய நோய்க் கணக்கை எடுத்துப் பார்த்தார். எல்லோரும் 35 வயது முதல் 64 வயது வரை உள்ள ஆண்கள்.

1953-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. பத்தாயிரம் டிரைவர்களை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 27 பேருக்கு இருதய நோய் வந்தது. பத்தாயிரம் கண்டக்டர்களில் 19 பேருக்குத்தான் வந்தது. நோய் வந்த உடனேயே உயிர் போவதும் கண்டக்டர்களிடம் குறைவாக இருந்தது.

என்ன ரகசியம்? மருந்து அல்ல. மாத்திரை அல்ல. படிக்கட்டு!

டிரைவர் வேலை நேரம் முழுவதும் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேல் தட்டுக்கு ஏறினார். இறங்கினார். மறுபடியும் ஏறினார். ஒரு நாளில் 500 முதல் 750 படிகள்! தேகப்பயிற்சி செய்கிறோம் என்று அவர் நினைக்கவே இல்லை. வயிற்றுப் பிழைப்புக்காக ஏறினார், இருதயம் பிழைத்தது. வீடு வீடாக நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களுக்கும், நாற்காலியில் இருந்த தபால் இலாகா குமாஸ்தாக்களுக்கும் இடையே இதே வித்தியாசம் தெரிந்தது.

"கண்டக்டர்கள் முதலிலேயே ஒல்லியாக இருந்திருப்பார்கள். அதனால்தான் நோய் வரவில்லை" என்று ஒரு கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். மாரிஸ் என்ன செய்தார் தெரியுமா? அவர்களுடைய கால்சட்டையின் இடுப்பு அளவுக் கணக்கைக் கேட்டு வாங்கினார்! டிரைவர்களின் இடுப்பு பெரியதாகத்தான் இருந்தது. வேலையில் சேரும் வயதிலேயே அப்படி இருந்தது. 1956-ல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார். பிறகு, ஒரே பருமன் உள்ள டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கண்டக்டர்தான் தப்பினார். தொந்தி விழுந்த கண்டக்டர்கூட, தொந்தி விழுந்த டிரைவரைவிட மேல்!

டிரைவர் மீது குற்றம் இல்லை. அவர் ஆசனத்தை விட்டு எழுந்தால் பஸ் என்ன ஆகும்? குற்றம், எழுந்திருக்க முடிந்தும் எழுந்திருக்காதவர்கள் மீதுதான்.

ஒரு வீட்டைப் பாருங்கள். குடும்பத் தலைவர் ஆபீசில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். வந்ததும் நாற்காலி. "தண்ணீர் கொண்டு வா" என்கிறார். மனைவி அடுப்படியில் இருந்து வருகிறாள். "மின்விசிறியைப் போடு" என்கிறார். மகன் எழுந்து வருகிறான். பானை பத்து அடி தூரத்தில்தான் இருக்கிறது! அந்தப் பத்து அடியை அவர் தானம் செய்துவிடுகிறார். இதைக் கவுரவம் என்று நினைக்கிறார். ஆனால் அந்த வீட்டில் நாலு பேருக்குச் சோறு போடும் இருதயம் அவருடையது. அது நின்றுபோனால் பள்ளிக்கூடச் சம்பளம் யார் கட்டுவது?

உடனே சிலர், "பழைய காலம்தான் நல்லது. ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டு வரவேண்டும்" என்பார்கள். வேண்டாம். அதில் இடுப்பு ஒடிய அரைத்தவர்கள் பெண்கள். "நல்லது" என்று சொன்னவர்கள் திண்ணையில் இருந்தவர்கள். பாரத்தை ஒருத்தி தலையிலேயே கட்டுவது ஆரோக்கியம் அல்ல. பகல் முழுவதும் கால் கடுக்க நிற்பதும் நடப்பதற்கு ஈடாகாது. கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்களுக்கு இருக்கை போடவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது.

"தினம் பத்தாயிரம் அடி நடக்கவேண்டுமாம். அது என்னால் ஆகாது" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1965-ல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதற்கு வைத்த பெயருக்கே "பத்தாயிரம் அடி அளவி" என்றுதான் அர்த்தம். வியாபாரப் பெயர் விதியாகிவிட்டது! உலக சுகாதார நிறுவனம் கேட்பது அவ்வளவு இல்லை. கொஞ்சம் வேகமான நடை, வாரத்துக்கு 150 நிமிடம். தினம் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதையும் ஒரே மூச்சில் முடிக்கவேண்டியது இல்லை.

ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடக்கலாம். லிப்டை விட்டுப் படியில் ஏறலாம். ஆனால் ஏறும்போது நெஞ்சு வலித்தால், ஏறுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவேண்டும். அதில் வீரம் காட்டக்கூடாது. நடந்துவிட்டோம் என்பதற்காக இரண்டு சிகரெட் பிடிப்பதும் கூடாது. படிக்கட்டு புகையிலைக்குப் பரிகாரம் அல்ல.

லண்டனில் அந்தக் கண்டக்டர்களின் காலம் 2005-ம் ஆண்டோடு ஏறத்தாழ முடிந்தது. அதன் பிறகு பெரும்பாலும் டிரைவர் மட்டும்தான்.

ஜெர்ரி மாரிஸ்? தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவர் நீந்தினார், நடந்தார். அந்தப் பழக்கம் சிறு வயதிலேயே வந்தது. அவருடைய தந்தை வாரந்தோறும் அவரை நாலு மைல் நடக்க அழைத்துப் போவார். ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடித்தால் ஐஸ்கிரீம் கிடைக்கும். 1910-ல் பிறந்த அந்தப் பையன், 2009-ல் தன் 99-வது வயதில் காலமானார்.