நீங்கள் கேட்டவை: சாறு வடியும் தென்னையை வெட்டத்தான் வேண்டுமா?

‘‘கஜா புயலில் தோப்பு மொத்தமும் போன பிறகு, 2019-ம் ஆண்டு 70 தென்னங்கன்றுகள் வைத்தோம். இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன. போன மாதம் ஒரு மரம் கொண்டையோடு சாய்ந்துவிட்டது. இன்னும் 2 மரங்களில் தண்டில் ஓட்டை விழுந்து, செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிகிறது. இரண்டையும் வெட்டிவிடும்படி பக்கத்துத் தோப்புக்காரர் சொல்கிறார். வேறு வழி இல்லையா?’’

- ஒரு வாசகி, பேராவூரணி.

அரிவாளை எடுப்பதற்கு முன், ஓட்டைக்குப் பக்கத்தில் தண்டில் காதை வைத்துக் கேட்க வேண்டும். உள்ளே ‘கறக் கறக்’ என்று மெல்லும் சத்தம் கேட்டால், அது சிவப்புக் கூன்வண்டின் புழுதான். ஓட்டை வாயில் மென்று துப்பிய நார் தள்ளியிருப்பதும் அதே வேலைதான். 5 வயது முதல் 20 வயது வரையிலான மரங்களைத்தான் இது அதிகம் தாக்கும். கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகள் எல்லாம் இப்போது அந்த வயதில்தான் நிற்கின்றன.

தாய் வண்டு, மரத்தில் உள்ள காயங்களில் முட்டை வைக்கும். காலில்லாத புழுக்கள் தண்டின் மென்மையான பகுதியைக் குடைந்து தின்று, நாரைச் சுற்றிக் கூடு கட்டி, உள்ளேயே வண்டாக மாறும். மூன்று, நான்கு மாதங்கள் எல்லாமே தண்டுக்குள்தான் நடக்கிறது. அதனால் வெளியே எவ்வளவு மருந்து தெளித்தாலும் காசுதான் வீண்.

மரம் பிழைக்குமா என்பதை நடுக்குருத்து சொல்லிவிடும். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்து, அழுகிய நாற்றமும் அடித்தால், அந்த மரத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். குருத்து பசுமையாக, உறுதியாக நின்றால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

அப்படிப்பட்ட மரத்தில், ஓட்டைகளைச் சுத்தம் செய்து, மேலே உள்ள ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் களிமண் அல்லது சிமென்ட் கொண்டு அடைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லி இமிடாகுளோபிரிட் (17.8 எஸ்.எல்) கலந்து, மேல் ஓட்டை வழியாகப் புனல் வைத்து ஊற்றி, அதையும் அடைத்துவிட வேண்டும். கையுறை அவசியம். ஒரு வாரம் கழித்தும் சத்தம் கேட்டாலோ, புதிதாகச் சாறு வடிந்தாலோ இன்னொரு முறை ஊற்றலாம். மருந்து விடும் முன்பே இளநீரையும் முற்றிய காய்களையும் இறக்கிவிட வேண்டும். அடுத்த ஒன்றரை மாதம் அந்த மரத்தில் காய் பறிக்கக் கூடாது. பழைய கையேடுகளில் இருக்கும் மோனோகுரோட்டோபாஸை வேரில் கட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். ஆளைக் கொல்லும் நஞ்சு அது.

கூன்வண்டுக்குக் கதவைத் திறந்துவிடுவது பெரும்பாலும் காண்டாமிருக வண்டுதான். விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியதுபோல முக்கோண வடிவில் ஓலை இல்லாமல் இருந்தால், அந்த வண்டு குருத்தைத் துளைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துளைதான் கூன்வண்டு முட்டை வைக்கும் இடம். காண்டாமிருக வண்டு பெருகுவது எருக்குழியிலும் மட்கிய தென்னைத் தண்டிலும். புயலில் விழுந்த மரங்களை அப்புறப்படுத்தக் கூலி கட்டுப்படியாகாமல் வரப்போரம் தள்ளிவைத்த தோப்புகளில் இந்த வண்டு பெருகியதில் ஆச்சர்யம் இல்லை. எருக்குழியைக் கிளறி, வளைந்து படுத்திருக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணத்தை எருவில் கலந்துவிட்டால் மிச்சப் புழுக்களை அது பார்த்துக்கொள்ளும்.

மீதமுள்ள மரங்களுக்கு, ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுடன் இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் மேல் மூன்று மட்டை இடுக்குகளில் போடலாம். பச்சை மட்டையை வெட்டாமல் இருப்பது நல்லது. வெட்டியே ஆக வேண்டும் என்றால், தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்ட வேண்டும். அடியோடு ஒட்ட வெட்டினால் அந்தப் பச்சை வாசனைக்கே கூன்வண்டு வந்துவிடும்.

இனக்கவர்ச்சிப் பொறியைத் தோப்பின் நடுவில் மாட்டுவது வண்டை வீட்டுக்குள் அழைப்பது போல. பொறிக்கு வரும் வண்டுகளில் சில பக்கத்து மரத்திலேயே இறங்கிவிடும். தோப்புக்கு வெளியே, ஓரத்தில் வைக்க வேண்டும். பக்கத்துத் தோப்புக்காரர்களும் சேர்ந்து வைத்தால்தான் பலன் தெரியும்.

போன மாதம் சாய்ந்த மரம் இன்னும் அங்கேயே கிடந்தால், மற்ற இரண்டு மரங்களுக்கு மருந்து வாங்கப் போகும் முன், அதைப் பிளந்து எரித்துவிட வேண்டும். அதற்குள் இருக்கும் கூடுகளிலிருந்து அடுத்த வண்டுகள் வெளியே வரும் நேரம் இது.