போன் இருந்தால் முதல் டோக்கன்

போன மாதம் சர்க்கரை பரிசோதனைக்கு வேலூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். முந்தின ராத்திரியே செல்போனில் டோக்கன் போட்டாச்சு. எங்க நிலத்தில் களையெடுக்க வரும் அக்கா விடியற்காலை ஐந்து மணியிலிருந்து அங்கே வரிசையில் நின்றிருக்கிறார். ஒன்பதரைக்குப் போன நான் பத்து மணிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டேன்.

"உள்ள யாரையாச்சும் தெரியுமா சார்?" என்றார். யாரையும் தெரியாது, போன்தான்.

2021 மே மாதம் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோதும் இதே கதைதான். கோவினில் முன்பதிவு கட்டாயம். சில வாரம் கழித்துத்தான் அரசு மையங்களில் நேரில் பதிய விட்டார்கள். இணையம் இல்லாதவர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் வரிசை என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் செல்போன் பதிவு உண்டு. ஆனால் அதைத் தட்டுவது மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பணியாளர், நோயாளி இல்லை. வங்கியிலும் ஏடிஎம் வைத்தோம், கவுன்டரை மூடவில்லையே! மருத்துவமனைகளும் பாதி டோக்கனை நேரில் வருகிறவர்களுக்கு ஒதுக்கட்டும்.

அதுவரை, நம் நிலத்தில் வேலை செய்பவர்களுக்கு நாமாவது போட்டுக் கொடுக்கலாம். இந்த மாதம் அக்காவுக்கு நான்தான் போட்டேன். ஓடிபி வருவதற்குள் மோட்டார் ரூம் மேலே ஏற வேண்டியதாப் போச்சு.